இரண்டு பக்கமும் எர்த்

தங்கை போட்ட கேபிளைச் செல்லாது என்று அக்கா தள்ளிவிட்டாள் என்ற செய்தி, அக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மாவின் காதுக்கு எட்டியிருந்தது. மாடியில் குடியிருக்கும் சின்னவள் சொல்லியிருக்க வழியில்லை. அன்று அவள் யாரோடும் பேசுகிற நிலையில் இல்லை. அவளுடைய கணவன்தான் சொல்லியிருப்பான். அவன் வாயில் எதுவும் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்காது.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எல்லார் முன்னாடியுமா சொன்னே?"

பெரியவள் கைகழுவப் போனாள். கேபிளைத் தள்ளியதைப் பற்றி அம்மா கேட்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். அதைப் பற்றிக் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் விளக்கியிருப்பாள்.

பெரியவளுக்கு நாற்பத்து நான்கு வயது. தொலைபேசி நிறுவனத்தில் பரிசோதகர் வேலை. புதிதாகப் போடும் இணைப்புகளைச் சோதித்து, சரியென்று கையெழுத்துப் போட்டால்தான் அவை உபயோகத்துக்கு வரும். கழுத்தில் எப்போதும் ஒரு மீட்டர் தொங்கும் என்பதால் வேலையிடத்தில் அவளுக்கு 'மீட்டரம்மா' என்று பெயர். முன்னால் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவோடு கீழ்த்தளத்தில் இருந்தாள். சின்னவள் ஆறு வயது இளையவள். ஐந்து பேரை வைத்துக்கொண்டு, கட்டடங்களில் கேபிள் இழுத்து முனை கட்டித் தரும் வேலையை ஒப்பந்தத்தில் செய்பவள். கூரைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி இருந்தால் போதும், அதில் புகுந்து அடுத்த அறையில் இறங்கிவிடுவாள்.

இரண்டு பேரும் ஒரே இடத்தில் வேலை பார்க்க நேர்ந்தது அதுதான் முதல் தடவை. விபத்து என்று கூப்பிட்டால் ஆம்புலன்ஸ் அனுப்பும் உதவி மையம் அது. கருவிகள் எல்லாம் பழைய கட்டடத்தில் இருந்தன. அழைப்புகளை எடுத்துப் பேசும் கூடத்தை மட்டும் முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த புதிய கட்டடத்தின் முதல் மாடிக்கு மாற்றினார்கள். நடுவில் நூற்று நாற்பது மீட்டர். நான்கு டிஜிட்டல் லைன்கள் போக வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரே நேரத்தில் முப்பது பேர் பேசலாம்.

சின்னவள் கையில் நல்ல டெலிபோன் கேபிள் ஒரு உருளை இருந்தது. ஒரே உறைக்குள் இருபத்தைந்து ஜோடிக் கம்பி. போக ஒன்று, வர ஒன்று என்று நான்கு லைனுக்கு எட்டு ஜோடி போதும். இழுத்து, கட்டி, ஒரு லைனை ஓடவிட்டு இருபத்து நான்கு மணி நேரம் பார்த்தாள். ஒரு பிழைகூட இல்லை. அந்தக் காகிதத்தை அக்காவிடம் நீட்டினாள்.

பெரியவள் காகிதத்தைப் பார்க்கவில்லை, கேபிளைப் பார்த்தாள். நான்கு லைன்களையும் ஒரே நேரத்தில் ஓடவிடச் சொன்னாள். விட்டார்கள். பிழை எண்ணும் பெட்டியின் எண்கள் முதலில் தயங்கி, பிறகு கடகடவென்று ஏற ஆரம்பித்தன. ஒரு கட்டடத்திலிருந்து புறப்படும் சமிக்ஞை உரக்கப் பேசும். எதிர்க் கட்டடத்திலிருந்து வந்து சேர்வதோ நூற்று நாற்பது மீட்டர் நடந்த களைப்பில் முணுமுணுக்கும். இரண்டையும் ஒரே உறைக்குள் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்தால், உரத்த குரல் முணுமுணுப்பை விழுங்கிவிடும். ஒரு லைன் மட்டும் ஓடும்போது அது தெரியாது. நான்கும் ஓடினால்தான் தெரியும்.

இதை இப்படியே சொல்லியிருக்கலாம். சின்னவளுக்குப் புரிந்திருக்கும். ஆனால் அன்று காலையிலிருந்து பெரியவளுக்குத் தலைவலி. தவிர, தங்கை போட்டதைத் தள்ளும்போது கொஞ்சம் குரல் கூடினால்தான் பாரபட்சம் இல்லை என்று மற்றவர்களுக்குத் தெரியும் என்ற எண்ணமும் அடியில் இருந்தது.

"கேபிள்னா எல்லாம் ஒண்ணுதான்னு நினைச்சா இப்படித்தான் ஆகும்," என்றாள். "படிச்சுட்டு வந்து வேலை செய்யணும்."

சின்னவளின் ஆட்கள் ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள்.

அந்த வார்த்தை எங்கே போய்க் குத்தும் என்று பெரியவளுக்குத் தெரியாமல் இல்லை. அப்பா படுக்கையில் விழுந்த வருஷம் இருவரும் படித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவளுக்குக் கடைசித் தேர்வு. சின்னவள் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு. யாராவது ஒருத்தி வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. சின்னவள் இருந்தாள். பதினான்கு மாதம் கழித்து அப்பா போனார். சின்னவள் மறுபடி கல்லூரிக்குப் போகவில்லை. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதும் இல்லை.

சின்னவள் முனைகளை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

சரியான கேபிள் வந்து சேர மூன்று வாரம் பிடித்தது. இந்த மாதிரி லைன்களுக்கென்றே நூற்றிருபது ஓம் கணக்கில் செய்த ஜோடிகள்; ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியாக மெல்லிய உலோக உறை. தொழிலில் அதை ஷீல்டு என்பார்கள். போவதற்கு ஒரு கேபிள், வருவதற்கு ஒரு கேபிள். பெரியவள் ஒன்றரைப் பக்கத்துக்கு அறிவுறுத்தல் எழுதி அனுப்பினாள். அதில் ஏழாவது வரி, ஷீல்டை இரண்டு முனையிலும், மண்ணுக்குள் இறங்கும் எர்த் கம்பியோடு இணைக்க வேண்டும் என்றது. முந்தைய வருஷம் வேறொரு இடத்துக்கு எழுதியதை எடுத்து, நீளத்தையும் எண்ணிக்கையையும் மாற்றியிருந்தாள். அந்த இடத்தில் இரண்டு முனையும் ஒரே கட்டடத்துக்குள் இருந்தன.

கேபிள் இழுத்த அன்று சின்னவள் தாளோடு வந்து நின்றாள்.

"ஷீல்டை ரெண்டு பக்கமும் எர்த் பண்ணணுமா, மேடம்?"

மேடம் என்ற சொல் பெரியவளுக்குச் சுருக்கென்றது. அதற்கு முன்னால் வேலையிடத்திலும் சின்னவள் அக்கா என்றுதான் கூப்பிட்டிருந்தாள். அந்தச் சுருக்கில் கேள்வி காதில் பாதிதான் விழுந்தது.

"எழுதியிருக்கறதைச் செய்."

சின்னவள் செய்தாள்.

சனிக்கிழமை நண்பகல் முதல் ஞாயிறு நண்பகல் வரை நான்கு லைன்களையும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். பிழை பூஜ்யம். பெரியவள் கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை கூடம் புதிய இடத்தில் வேலை தொடங்கியது.

வீட்டில் இருவரும் பேசிக்கொள்ளாத அந்த நாட்களில் அம்மாவின் கால்தான் அதிகம் உழைத்தது. மாடிக்கும் கீழுக்கும் பன்னிரண்டு படி. தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டது என்று சொல்ல ஒரு தடவை, மோட்டாரை நிறுத்தியாயிற்று என்று சொல்ல ஒரு தடவை. மூன்றாவது நாள் அம்மா படியின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இனிமேல் இங்கிருந்தே கத்துகிறேன், யாருக்கு வேண்டுமோ அவர்கள் கேட்டுக்கொள்ளட்டும் என்று அறிவித்தாள். இரண்டு பேரும் அவரவர் கதவுக்குப் பின்னால் சிரித்திருக்கலாம். வெளியே வரவில்லை.

பதினெட்டாவது நாள் அழைப்புக்கூடத்தின் தலைவியிடமிருந்து புகார் வந்தது. அளந்து பேசுகிற பெண்மணி அவர். புகாரோடு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்தார். நாள், நேரம், எந்த லைன், என்ன கேட்டது என்று பத்தி பத்தியாகப் பிரித்து எழுதியிருந்தார். பேச்சின் நடுவே டிக் டிக்கென்ற சத்தம். சில சமயம் ஒரு சொல் அப்படியே காணாமல் போகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு ஒரு லைன் முழுதாக அறுந்து, பன்னிரண்டு நொடி கழித்துத் திரும்ப வந்திருக்கிறது. அந்த நேரத்தில் அதில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். ஏணியிலிருந்து விழுந்தவர், முகவரியில் பாதி சொல்லியிருந்தார். மறுபடி கூப்பிட்டு முழுதும் சொல்லி முடிப்பதற்குள் நான்கு நிமிடம் போயிற்று. வண்டி போய்ச் சேர்ந்தது, ஆள் பிழைத்துக்கொண்டார். தலைவி அதையும் எழுதி வைத்திருந்தார், ஒரே வரியில்.

பெரியவள் மறுநாள் காலை எட்டரைக்கே அங்கே இருந்தாள். அவளுடைய முதல் சந்தேகம் முனைகள் மேல்தான். கோபத்தில் கட்டிய முனை, ஒன்றிரண்டாவது தளர்ந்திருக்கும் என்று நினைத்தாள். இரண்டு கட்டடத்திலும் சேர்த்துப் பதினாறு. பேனல்களின் மூடியைக் கழற்றி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள், ஆட்டிப் பார்த்தாள், மீட்டர் வைத்துப் பார்த்தாள். கம்பிகள் எல்லாம் ஒரே அளவுக்கு உரிக்கப்பட்டு, ஒரே வளைவில் திரும்பி, ஒரே இறுக்கத்தில் உட்கார்ந்திருந்தன. எது எங்கே போகிறது என்று அச்சடித்த சீட்டு ஒவ்வொன்றிலும் இருந்தது. பதினாறாவதைப் பார்த்து முடித்தபோது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. அது தனக்கே நன்றாகத் தெரிந்ததால் மூடியை வேகமாக மாட்டினாள்.

பிறகு பிழை எண்ணும் பெட்டியைப் பொருத்திவிட்டு, நோட்டுப் புத்தகத்தோடு கூடத்திலேயே உட்கார்ந்தாள். நேரங்களைப் பார்த்தால் பத்து மணியிலிருந்து பதினொன்றரை, இரண்டிலிருந்து நான்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றுமே இல்லை. சனிக்கிழமை பிற்பகலிலும் இல்லை. மழை, வெயில், கூட்டம் எதற்கும் சம்பந்தமில்லை.

பத்து மணிக்குக் காலடியில் தரை லேசாக அதிர்ந்தது.

கீழ்த்தளத்தில் என்ன இருக்கிறது என்று கூடத் தலைவியிடம் கேட்டாள். துணி துவைக்கும் இடம் என்றார் அவர். மூன்று ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளை அங்கேதான் வெளுக்கிறார்கள். ஆறு பெரிய இயந்திரங்கள்.

இயந்திரம் சுழன்று துணியைப் பிழியும் கட்டத்துக்கு வந்ததும் பெட்டியின் எண்கள் ஏறின. பிழிந்து முடிந்ததும் நின்றன. பெரியவள் கம்பியைச் சுற்றிக் கவ்விப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் மீட்டரை எடுத்து, ஷீல்டிலிருந்து எர்த்துக்குப் போகும் கம்பியில் மாட்டினாள். எதுவும் ஓடக் கூடாத கம்பி அது. அடுத்த இயந்திரம் சுழன்றபோது இரண்டு ஆம்பியருக்கு மேல் காட்டியது.

இரண்டு கட்டடத்துக்கும் மின்சாரம் தனித்தனி. எர்த்தும் தனித்தனி. இயந்திரம் சுழலும்போது இந்தக் கட்டடத்தின் எர்த், அந்தக் கட்டடத்தின் எர்த்தைவிட மின்னழுத்தத்தில் கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது. நடுவே ஷீல்டு பாலம் போட்டுக்கொண்டு இருக்கிறது. வெளிச் சத்தத்தைத் தடுக்க வைத்த உறையே சத்தத்தைச் சுமந்து வந்து உள்ளே இறக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கேபிளுக்கும் சமிக்ஞை புறப்படும் முனையில் மட்டும் எர்த் கொடுத்திருந்தால் பாலம் இருந்திருக்காது. அவள் சோதித்த சனி பிற்பகலிலும் ஞாயிறிலும் துணி துவைக்கும் இடத்துக்கு விடுமுறை.

ஒரு லைன் மட்டும் ஓடியபோது சோதித்தவளை அவள் என்ன சொன்னாள் என்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது. வரத்தான் செய்யும்.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, சமிக்ஞை வந்து சேரும் முனைகளில் இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு என்று எட்டு எர்த் இணைப்புகளையும் தானே கழற்றினாள். இரண்டு மணிக்கு இயந்திரங்கள் மறுபடி ஓடின. தரை அதிர்ந்தது. பெட்டியில் எண்கள் பூஜ்யத்திலேயே நின்றன. நான்கு மணி வரை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கூடத் தலைவி ஒரு காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அலுவலகத்தில் மேலாளர் அறிக்கையை வாசித்துவிட்டுப் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். 'சிறு திருத்தம் செய்யப்பட்டது' என்று மட்டும் போட்டால் போதாதா, யார், ஏன் என்பதெல்லாம் எதற்கு என்று கேட்டார். கேள்வி நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பெரியவள் எத்தனையோ பேருடைய தவற்றைப் பெயரோடு எழுதியவள். தன் முறை வரும்போது எழுதாமல் விட்டால் இதுவரை எழுதியதெல்லாம் என்னவாகும் என்று யோசித்தாள். 'எர்த் இணைப்பு பற்றிய எழுத்து அறிவுறுத்தல் தவறு. அதை எழுதியதும் சோதனையை ஏற்றதும் நானே' என்ற வரியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

நேராக மாடி ஏறினாள். சின்னவள் தரையில் உட்கார்ந்து வேலைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவன் பெரியவளைப் பார்த்ததும் கடைக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பினான். கடையில் என்ன வாங்கப் போகிறான் என்று அவனுக்கே தெரியாது.

பெரியவள் நடந்ததைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. துணி துவைக்கும் இடம், இரண்டு ஆம்பியர், ஏழாவது வரி. தப்பு தன்னுடையது என்றாள். சின்னவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"ரெண்டு கட்டடம், ரெண்டு எர்த். ரெண்டு பக்கமும் கட்டினா வம்புதான்னு தெரியும். போன வருஷம் ஒரு கிடங்குல இதே மாதிரி மாட்டிக்கிட்டு முழிச்சிருக்கேன். அதான் வந்து கேட்டேன்."

மன்னிப்புக் கேட்க வந்தவள் குரல் உயர்ந்தது.

"தெரிஞ்சும் கட்டினியா? அது ஆம்புலன்ஸ் லைன்டி."

"கேட்டேன். எழுதியிருக்கறதைச் செய்யுன்னு சொன்னே."

"ஒரு தடவை கேட்டே."

"எத்தனை தடவை கேக்கணும்? படிக்காதவ எத்தனை தடவை கேட்டா காதுல விழும்?"

கீழே அம்மா ஏதோ பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோயிற்று.

பெரியவள் சுவரோரம் உட்கார்ந்தாள். அந்த வார்த்தையை அன்று சொல்லியிருக்கக் கூடாது என்றாள் கடைசியில். அன்றைக்கு மட்டும் இல்லை, என்றைக்குமே சொல்லியிருக்கக் கூடாது என்றாள். சின்னவள் தலையசைத்தாள். அது மன்னித்துவிட்டேன் என்பது போலவும் இருந்தது, கேட்டாயிற்று என்பது போலவும் இருந்தது.

பிறகு பெரியவள் ஏணியிலிருந்து விழுந்தவரைப் பற்றிச் சொன்னாள். சின்னவளுக்கு அது தெரியாது. ஊசியைச் சட்டையில் குத்திவைத்தாள்.

"அந்த ஆளு?"

"பொழச்சுட்டாரு. நாலு நிமிஷம் லேட்டு, அவ்வளவுதான்."

லைனில் ஏதாவது சத்தம் வரும், அக்கா வந்து மூக்குடைபடுவாள் என்றுதான் சின்னவள் நினைத்தாளாம். அவ்வளவுதான் நினைத்தாளாம். அதைத் தாழ்ந்த குரலில் சொன்னாள். பெரியவள் ஆறுதல் சொல்லப் பார்த்தாள். வாயில் வந்த எதுவும் சரியாக இல்லாததால் விட்டுவிட்டாள். இருவரும் அப்படியே இருந்தார்கள், கடைக்குப் போனவன் ஒரு கட்டுத் தீப்பெட்டியோடு திரும்பி வரும்வரை.

மறுநாள் காலை சின்னவள் யாரிடமும் சொல்லாமல் மேலாளரிடம் போனாள். அறிக்கையில் தன் பெயரும் வர வேண்டும் என்றாள். தவறு என்று தெரிந்தே செய்ததாகவும், இரண்டாவது முறை சொல்லாதது தன் பொறுப்பு என்றும் எழுதிக் கொடுத்தாள். மேலாளர் முப்பது வருஷமாக, தவறு என்னுடையதில்லை என்று வருகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறார். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் போட்டி போட்டுக்கொண்டு என்னுடையது என்னுடையது என்று வந்தால் என்ன செய்வது என்று அவருக்கு விளங்கவில்லை. இரண்டு நாள் யோசித்தார். இரண்டு தாள்களையும் கோப்பில் வைத்தார். தங்கை போடும் வேலையை இனி அக்கா சோதிக்கக் கூடாது என்று ஒரு வரி உத்தரவு போட்டார். தண்டனை அதோடு முடிந்தது.

பெரியவளுக்கு அந்த உத்தரவு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது. நிம்மதி எவ்வளவு, வலி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவள் முயலவில்லை. ஏழாவது வரி மாதிரியான வரிகளைப் பழைய தாள்களிலிருந்து எடுத்து எழுதுவதை மட்டும் நிறுத்தினாள். வேலை இரண்டு மடங்கு ஆயிற்று. உதவி மையத்தின் நான்கு லைன்களும் ஒழுங்காக ஓடின. கூடத் தலைவியின் நோட்டில் அதன் பிறகு எழுத ஒன்றும் இல்லாமல் போயிற்று.

வீட்டில் பேச்சு சட்டென்று திரும்பிவிடவில்லை. முதலில் தண்ணீர் மோட்டார் பற்றி வந்தது. பிறகு அம்மாவின் முழங்கால் பற்றி. ஒரு மாதம் கழித்து ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குச் சின்னவள் கீழே இறங்கி வந்தாள். கணவனும் பின்னாலேயே வந்தான். அக்கா என்ற சொல் தானாக வந்தது.

அடுத்த மழைக்காலத்தில் சின்னவள் ஒரு நூலகக் கட்டடத்துக்குக் கேபிள் போட்டாள். சோதிக்க வேறொரு பரிசோதகர் வந்தார். அன்று சாப்பாட்டின்போது அவள் முகம் தொங்கிப்போயிருந்தது. வேலை தள்ளுபடியாகிவிட்டதோ என்று அம்மா பயந்தாள். இல்லை, ஐந்தே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

"ஒரு மூடியைக்கூடக் கழட்டிப் பாக்கலக்கா. மூணு வாரம் உழைச்சிருக்கேன்."

பெரியவள் சிரித்துவிட்டாள். சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வந்து பார் என்று அவள் கேட்கவில்லை. பெரியவளும் வருகிறேன் என்று சொல்லவில்லை, உத்தரவு இருந்தது. ஆனால் நூலகம் எல்லோருக்கும் பொது. சனிக்கிழமை காலை பெரியவள் மீட்டர் இல்லாமல் அங்கே போனாள். சின்னவள் ஒவ்வொரு மூடியாகக் கழற்றிக் காட்ட, அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று.

"நல்லா இருக்கு," என்றாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சின்னவள் மூடிகளைத் திரும்ப மாட்டினாள். கடைசி மூடியின் திருகாணி ஒன்று கைநழுவி அலமாரிக்கு அடியில் உருண்டுவிட்டது. இருவரும் தரையில் படுத்து அதைத் தேடிக்கொண்டிருந்தபோது, நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்று யாரோ வந்து சொன்னார்கள்.